மின்வயலினும் காலடிப் பெட்டியும்

எதிரொலி, ஃபஸ், வா-வா, கோரஸ் என்று தனித்தனிப் பெட்டிகள் செய்துவந்த வேலைகளை ஒரே பெட்டியில் அடக்கி, காலால் மிதித்து மாற்றிக்கொள்ளும்படி அமைத்த கருவி மல்டி-எஃபெக்ட்ஸ் பெடல். 1980-களின் இறுதியில் கடைகளுக்கு வந்த இந்தப் பெட்டி கிட்டார்க் கலைஞரை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. உள்ளே வரும் மின்குறிப்பு எவ்வளவு வலுவாக இருக்கும், சுரம் எப்படிப் பிறந்து எப்படித் தேயும், எந்த அதிர்வெண்கள் மேலோங்கும் என்பதெல்லாம் கிட்டார்த் தந்தியை வைத்துப் போட்ட கணக்கு. வயலினும் வியோலாவும் செல்லோவும், பின்னர் மாண்டலினும் அந்தப் பெட்டியோடு சேர்ந்தபோது கணக்கை ஒவ்வொரு இடத்திலும் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தங்களின் வரலாறு, பெட்டி பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

முதலில் இருந்த தேவை சத்தம் மட்டுமே. லண்டனில் வாழ்ந்த அகஸ்டஸ் ஸ்ட்ரோ 1899-ல் காப்புரிமைக்குக் கொண்டுபோன வயலினில் மரக்கூடு கிடையாது. பிரிட்ஜின் அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை எட்டி, அங்கிருந்து உலோகக் குழல் வழியாக வெளியேறும். மைக் வராத காலத்து இசைத்தட்டுப் பதிவுக் கூடங்களில், பதிவுக் குழலை நோக்கி ஒலியை நேராகச் செலுத்த இது உதவியது. ஒலிபெருக்கி பரவியபின் அந்தக் குழலுக்கு வேலையில்லாமல் போனது. அதற்குள் நடன அரங்குகளில் டிரம்பெட்டும் டிரம்ஸும் ஓங்கிவிட்டன; ஜாஸ் குழுவில் வயலின் வாசிப்பவரின் உழைப்பு முன்வரிசையைத் தாண்டவில்லை. நியூயார்க்கின் 52-வது தெருவில் இருந்த ஆனிக்ஸ் கிளப்பில் 1936 வாக்கில் வாசித்துப் புகழ்பெற்ற ஸ்டஃப் ஸ்மித், வயலினை மின்பெருக்கி வழியே ஒலிக்கச் செய்த முன்னோடிகளில் தலையாயவர். பெருக்கி கிடைத்ததும் அவர் சத்தத்தோடு நின்றுவிடவில்லை. வில்லை அழுத்தித் தேய்க்கும் கரகரப்பையும் சாக்ஸஃபோன் போன்ற வெடிப்பையும் துணிந்து வெளிக்காட்டினார். சபை இசையில் மறைக்கப்பட வேண்டிய குறைகளாக இருந்தவை அவர் கையில் குரலாயின. பின்னால் வந்த எல்லா எஃபெக்ட் பெட்டிகளுக்கும் வழி திறந்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

அதே பத்தாண்டில் ரிக்கன்பேக்கர், வேகா போன்ற அமெரிக்க நிறுவனங்கள் மின்வயலின்களைச் செய்து பார்த்தன. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி, கிட்டாருக்கு வெற்றி தந்த காந்தப் பிக்கப் வயலினில் சரியாக உட்காரவில்லை. காந்தப் பிக்கப்புக்கு எஃகுத் தந்தி வேண்டும். அன்றைய வயலின் தந்திகளோ பெரும்பாலும் விலங்கு நரம்பாலும், வெள்ளி அல்லது அலுமினியக் கம்பி சுற்றிய நரம்பாலும் ஆனவை. தவிர, கிட்டாரின் தந்திகள் ஏறக்குறைய ஒரே தளத்தில் படுத்திருக்கும். வயலின் தந்திகள் வளைந்த பிரிட்ஜின்மேல் வில் ஏறி இறங்கும்படி நிற்கும். தட்டையான காந்தம் நான்கையும் ஒரே அளவில் கேட்பது கடினம். ஃபெண்டர் நிறுவனம் 1958-ல் திடமர வயலின் ஒன்றை அறிமுகப்படுத்தி, விரைவிலேயே நிறுத்திக்கொண்டு, 1969-ல் மீண்டும் கொண்டுவந்தது. அதே நிறுவனத்தின் கிட்டார்கள் உலகை ஆண்டபோதும் அந்த வயலின் பரவவில்லை.

தீர்வு படிகத்திலிருந்து வந்தது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை ழாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்திருந்தார்கள். இந்த அழுத்தமின் விளைவைப் பயன்படுத்தும் சிறு வில்லையைப் பிரிட்ஜில் பதித்தால், தந்தி எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்வியே எழாது. பிரிட்ஜ் அதிர்ந்தால் போதும். 1960-களில் கலிஃபோர்னியாவில் லெஸ் பார்கஸும் ஜான் பெரியும் சேர்ந்து தொடங்கிய பார்கஸ்-பெரி நிறுவனம் இத்தகைய பீசோ பிக்கப்பை வயலின் கலைஞர்களிடம் கொண்டு சேர்த்தது. அடுத்த பத்தாண்டின் ராக், ஜாஸ்-ராக் வயலின்களில் பெரும்பாலானவற்றின் ஒலி இந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் பீசோ தன்னோடு ஒரு புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. வயலின் கலைஞர் கிட்டார்ப் பெட்டியில் முதன்முதலாகச் செருகிப் பார்க்கும்போது கேட்கும் ஒலி பெரும்பாலும் தகரத்தைத் தட்டியது போல மெலிந்திருக்கும். குற்றம் வயலினிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை; இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. பீசோ வில்லை மின்னோட்டத்தை மிகக் குறைவாகவே தரும். மின்சுற்றில் அது ஒரு சிறிய மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். அதன் மின்தேக்குத்திறன் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் மின்னோட்டத்துக்குப் பெட்டி காட்டும் எதிர்ப்பு, அதாவது உள்ளீட்டு மின்மறுப்பு, 1 மெகாஓம் என்றால், சுமார் 160 ஹெர்ட்சுக்குக் கீழேதான் ஒலி தேயத் தொடங்கும். மேற்கத்திய முறையில் சுருதி கூட்டிய வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ், தப்பித்துவிடும். அதே பிக்கப்பை 1 லட்சம் ஓம் உள்ளீடு கொண்ட பெட்டியில் செருகினால் தேய்வு 1,600 ஹெர்ட்சிலேயே தொடங்கிவிடும். வயலினின் நான்கு திறந்த தந்திகளின் அடிப்படைச் சுரங்களும் அதற்குக் கீழே இருக்கின்றன. பழைய ஃபஸ் பெட்டிகளில் பல இதைவிடவும் மிகக் குறைந்த மின்மறுப்பு உடையவை. பிக்கப்புக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முன்பெருக்கியை வைக்கும் வழக்கம் இதனால் வந்தது. பல மெகாஓம் உள்ளீடு கொண்ட அந்தச் சிறிய ப்ரீஆம்ப் வில்வாத்தியக் கலைஞரின் பையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான பொருளாயிற்று.

பெட்டிகளின் பிறப்பு இதற்கு இணையாக நடந்தது. மைக் பேட்டிலின் எக்கோபிளெக்ஸ் 1959-ல் வந்தது. காந்த நாடாவை வளையமாகச் சுற்றவிட்டு, பதிந்த ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் பெட்டி அது. மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் 1962-ல் வந்தது. நாஷ்வில் பதிவுக் கூடம் ஒன்றில் பழுதான மின்சுற்றில் தற்செயலாகக் கேட்ட கரகரப்பே அதற்கு முன்மாதிரி. வா-வா பெடல் 1960-களின் பிற்பாதியில் வாக்ஸ் பெயரில் வந்தபோது டிரம்பெட் கலைஞர் கிளைட் மெக்காயின் பெயரைத் தாங்கி வந்தது. டிரம்பெட்டின் வாயை மூடித் திறக்கும்போது எழும் அழுகையைத்தான் அது போலச் செய்தது. இவற்றில் எது வில்லுக்கு ஒத்துவரும், எது வராது என்பதை அந்த ஆண்டுகளில் கலைஞர்கள் மேடையிலேயே கண்டுபிடித்தார்கள்.

ஒத்துவராததில் முதன்மையானது ஃபஸ். கிட்டார்ச் சுரம் மீட்டிய கணத்திலிருந்து தேய்ந்துகொண்டே போகும்; ஃபஸ்ஸும் ஓவர்டிரைவும் அதன் உச்சியை வெட்டி, தேய்வை மறைத்து, நீண்ட கார்வையைத் தருகின்றன. மேற்சுரங்களைப் பெருக்குவது அவற்றின் இரண்டாவது கொடை. வயலினுக்கு இரண்டும் முன்பே உண்டு. வில் நகரும் வரை சுரம் நிற்கும். வில்லின் கீழ் தந்தி ஒட்டியும் வழுக்கியும் அதிர்வதால் உண்டாகும் அலை ரம்பப்பல் வடிவம் கொண்டது என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே இயற்பியலர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கியிருந்தார். அந்த வடிவத்தில் எல்லா மேற்சுரங்களும் நிறைந்திருக்கும். நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றினால் வழிவதைப் போல, ஃபஸ்ஸுக்குள் போன வயலின் காதைக் குத்தும் இரைச்சலாகிறது. இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசித்தால் இரண்டு சுரங்களும் கலந்து, யாரும் வாசிக்காத மூன்றாவது, நான்காவது ஒலிகளும் எழும். ஆகவே பெட்டிக்கு முன்னும் பின்னும் மேல் அதிர்வெண்களைக் குறைப்பது, டிரைவ் குமிழைக் கிட்டார்க் கலைஞர் வைக்கும் இடத்துக்கு வெகு கீழே வைப்பது என்ற பழக்கங்கள் உருவாயின.

ஒத்துவந்ததில் முதன்மையானது ஃபேஸ் ஷிஃப்டர். ஒலியின் அதிர்வெண் பரப்பில் சில பள்ளங்களை வெட்டி, அவற்றை மெல்ல மேலும் கீழும் நகர்த்துவது அதன் வேலை. பள்ளம் தெரிய வேண்டுமானால் பரப்பு நிறைந்திருக்க வேண்டும். மேற்சுரங்கள் செறிந்த வயலின் ஒலிமேல் அந்த நகர்வு பளிச்சென்று கேட்கிறது. வா-வாவும் இதே காரணத்தால் பொருந்தியது.

ராக் இசையில் வில்லை முதலில் முரட்டுத்தனமாகக் கையாண்டவர் வேல்ஸ் நாட்டவரான ஜான் கேல். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967 இசைத்தட்டில் அவருடைய மின்வியோலா ஒற்றைச் சுரத்தில் நின்று உறுமுகிறது. பல தந்திகளை ஒன்றாக இழுக்கும்படி பிரிட்ஜைத் தட்டையாக்கி, கிட்டார்த் தந்திகளைப் பூட்டியிருந்தார். ஃபிராங்க் ஸாப்பாவின் 1969 இசைத்தட்டான ‘ஹாட் ரேட்ஸ்’-இல் டான் ‘ஷுகர்கேன்’ ஹாரிஸின் வயலின் ப்ளூஸ் கிட்டாரோடு சமமாக மோதியது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 1971 முதல் தட்டில் ஜெர்ரி குட்மன், ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாருக்கு அதே வேகத்தில் பதில் சொன்னார். செவ்வியல் பக்கத்தில் ஜார்ஜ் கிரம்ப் 1970-ல் ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ படைப்பை மின் நால்வர் குழுவுக்கென்றே எழுதினார். அதைக் கேட்ட தூண்டுதலில் டேவிட் ஹாரிங்டன் 1973-ல் தொடங்கியதே குரோனாஸ் குவார்டெட்.

இவர்கள் எல்லோரைவிடவும் எஃபெக்ட் பெட்டிகளை ஒரு மொழியாக மாற்றியவர் பிரான்ஸின் ழான்-லூக் போன்டி. 1942-ல் பிறந்து, பாரிஸ் கன்சர்வேட்டரியில் முதற்பரிசு பெற்று, லாமுரே இசைக்குழுவில் வாசித்தவர். இரவில் ஜாஸ் கிளப்புகளில் வாசிக்கத் தொடங்கியவருக்குச் சத்தம் போதாமல் பெருக்கி தேவைப்பட்டது. ஸாப்பாவோடும் பின்னர் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவோடும் பணியாற்றிவிட்டு, 1975 முதல் தன் பெயரில் வரிசையாக இசைத்தட்டுகளை வெளியிட்டார். 1977-ன் ‘எனிக்மாட்டிக் ஓஷன்’, 1978-ன் ‘காஸ்மிக் மெசஞ்சர்’ ஆகியவற்றில் கேட்கும் ஒலியை எந்த மர வயலினோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ஃபேஸ் ஷிஃப்டர் நீண்ட சுரங்களைக் காற்றில் மிதக்கவிடுகிறது. எக்கோ முந்தைய சொற்றொடரின் வாலைப் பிடித்து அடுத்ததோடு கோக்கிறது. இதற்கேற்ப அவர் வாசிப்பையே மாற்றிக்கொண்டார். விப்ராட்டோவைக் குறைத்தார், வில்லைத் தெளிவாக எடுத்து வைத்தார், எதிரொலி திரும்பி வரும் இடத்தில் இடைவெளி விட்டார். பெட்டியை வாத்தியத்தின் ஒரு பகுதியாக எண்ணி வாசித்த இந்த ஒழுங்கே அவருடைய பெரிய பங்களிப்பு. அவருக்குப் பின் வந்த மின்வயலின் கலைஞர்களில் அவருடைய நிழல் படாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதே ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தில் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. மரக்கூட்டை எடுத்துவிட்டால் போய்விடுவது எது? பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸும் கோஹட்டும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், திடமர வயலினின் மின்குறிப்பைப் பல ஒத்ததிர்வுச் சுற்றுகள் வழியே அனுப்பினார்கள். நல்ல வயலினின் கூடு எல்லாச் சுரங்களையும் சமமாகப் பெருக்குவதில்லை. உள்ளே அடைபட்ட காற்று ஏறக்குறைய 280 ஹெர்ட்சில் ஒத்ததிரும். மேலே போகப்போகச் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் நெருக்கமாக வரும். விரல் அசையும்போது ஒவ்வொரு மேற்சுரமும் தனக்குரிய சிகரத்தில் ஏறி இறங்குகிறது. அந்தச் சிறு ஏற்ற இறக்கங்களின் கூட்டமே வயலினின் உயிர்ப்பு. சிகரங்கள் போதிய உயரமும் நெருக்கமும் கொண்டால் மின்வயலினும் மர வயலினை நெருங்கும் என்பது அவர்களின் முடிவு. இந்த ஆய்வின் பயன் மல்டி-எஃபெக்ட்ஸ் பெட்டிக்கு வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

எண்முறை மின்னணுவியல் மலிவானதும் பெட்டிகள் ஒன்றாயின. பல எஃபெக்ட்களை ஒரே பெட்டியில் தந்த யமஹாவின் எஸ்.பி.எக்ஸ்-90 1980-களின் நடுவில் பதிவுக் கூட அலமாரிக்கு வந்தது. 1988-ல் பாஸ் நிறுவனத்தின் எம்.ஈ-5 அந்த வசதியைத் தரைக்குக் கொண்டுவந்தது. ஒலி அமைப்புகளை நினைவில் வைத்து, ஒரே மிதியில் மொத்தத்தையும் மாற்றலாம் என்பதே அதில் புதுமை. அதற்கு முன் ஐந்து பெடல் வைத்திருந்தவர் பாடலின் நடுவே ஐந்தையும் மிதித்தாக வேண்டும். 1990-களின் நடுவில் ஜூம் 505 போன்ற மலிவான பெட்டிகள் கல்லூரி மாணவர் கைக்கும் எட்டின. லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998-ல் வந்து, பெயர்பெற்ற ஆம்ப்களின் ஒலியை நிரல் வழியே உருவாக்கிக் காட்டியது.

வயலின் கலைஞருக்கு ஆம்ப் மாதிரிகளால் பயன் குறைவு. தொழிற்சாலை அமைத்துத் தந்த ஒலிகளில் பெரும்பாலானவற்றை அவர் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். நாளடைவில் படிந்த வரிசை இப்படி இருக்கும்: முதலில் ஈக்வலைசர், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை பீசோவின் கூர்மையைத் தணிக்க. அடுத்து கம்ப்ரஸர், மிக மென்மையாக. வில்லழுத்தத்தின் ஏற்ற இறக்கமே வயலினின் பேச்சு என்பதால் அதை நசுக்கக் கூடாது. ஆக்டேவர் வேண்டுமானால் இங்கேயே வரும். கலப்பில்லாத ஒற்றைச் சுரம் கிடைத்தால்தான் அது தடுமாறாமல் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, வயலினைச் செல்லோவாக்கும். பிறகு வா-வா, டிரைவ், ஃபேஸ் ஷிஃப்டர், எதிரொலி தரும் டிலே, கடைசியில் அரங்கின் முழக்கத்தைச் சேர்க்கும் ரிவெர்ப். திடமர வயலினுக்கு ரிவெர்ப் அலங்காரம் என்பதைவிட அடிப்படைத் தேவை. கூடில்லாத வாத்தியம் வில்லை எடுத்த கணத்தில் மௌனமாகிவிடும். அந்த வெறுமையை நிரப்ப வேறு வழியில்லை.

தமிழர் கதையும் இந்த வரலாற்றின் நடுவே வருகிறது. வயலின் மேதை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து, 1958 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு சென்னை திரும்பியவர். அவர் மகன் எல். சங்கர், 1970-களின் நடுவில் மெக்லாஃப்லினோடு சேர்ந்து சக்தி குழுவை உருவாக்கினார். 1980-களின் தொடக்கத்தில் அவர் வடிவமைப்பில் கென் பார்க்கர் செய்துகொடுத்த இரட்டை வயலினில் இரண்டு கழுத்துகள், பத்துத் தந்திகள். டபுள் பேஸ் தொடங்கி வயலின் வரை மொத்த வில்வாத்தியக் குடும்பத்தின் வீச்சும் ஒருவர் கைக்குள் வந்தது. அந்தத் தாழ்ந்த தந்திகளில் கமகத்தை இழுத்து, அதன்மேல் எதிரொலியைப் பரப்பும் அவர் ஒலியைப் பீட்டர் கேப்ரியலின் 1989 தட்டான ‘பேஷன்’-இல் கேட்கலாம்.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸின் வழி வேறு. நான்கு இரட்டைத் தந்திகள் கொண்ட மேற்கத்திய மாண்டலினில் சுரம் சட்டென்று அணைந்துவிடும். கமகம் பாதியில் அறுந்துபோகும். அவர் தேர்ந்த திடமர மின்மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகள். பெருக்கி சுரத்தை நிறுத்திப் பிடித்தது. தந்தியை இழுக்க இடம் கிடைத்தது. எஃபெக்ட் எதையும் நம்பாமலேயே, மின்பெருக்கம் ஒன்றைக் கொண்டு அவர் அந்நிய வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் அமர்த்தினார். மின் கருவிகள் கர்நாடக இசைக்குச் செய்த சேவைகளில் இதற்கு ஈடாகச் சொல்ல வேறொன்றைக் காண்பது அரிது. வீணையில் காண்டாக்ட் மைக் வைக்கலாமா என்று சபைகளில் நடந்த விவாதமும் இதே கார்வையைப் பற்றியதுதான்.

கர்நாடக வயலினுக்கு மல்டி-எஃபெக்ட்ஸ் பெடலில் இரண்டு இடையூறுகள் உண்டு. முதலாவது உட்காரும் முறை. சம்மணமிட்டு, வலக்காலைச் சற்று நீட்டி, வயலினின் சுருள்முனையைக் கணுக்கால்மீது ஊன்றி வாசிப்பவருக்கு மிதிக்கக் கால் மிச்சமில்லை. வலக்கால் அசைந்தால் வாத்தியமே அசையும். ஆகவே பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கையால் மாற்றுவார்கள், அல்லது ஃப்யூஷன் மேடைகளில் நாற்காலியிலோ நின்றோ வாசிப்பார்கள். கேரளத்தின் பாலபாஸ்கர் மின்வயலினை இளைஞர் மேடைகளுக்குக் கொண்டுசென்றது இந்த இரண்டாவது வழியில். இரண்டாவது இடையூறு ஹார்மனைசர். வாசிக்கும் சுரத்துக்கு மூன்றாம், ஐந்தாம் சுரங்களைத் தானே சேர்க்கும் இந்த வசதி, ஒவ்வொரு சுரத்தையும் மேற்கத்திய ஸ்கேலின் ஒரு படியில் நிறுத்திப் பார்க்கிறது. தோடியின் காந்தாரம் எந்தப் படியிலும் நிற்பதில்லை, அது அசைந்துகொண்டேயிருக்கும். பெட்டி ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கமகத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். மாறாத இடைவெளியில் மட்டும் நகர்த்தும் எளிய பிட்ச் ஷிஃப்டர் இந்த வகையில் மேலானது. பஞ்சம இடைவெளியிலோ ஸ்தாயி இடைவெளியிலோ அது அசைவை அப்படியே பின்தொடரும்.

2000-க்குப் பின் வந்தவற்றில் வில்வாத்தியங்களுக்கு உண்மையில் பயன்பட்டவை இரண்டு. ஒன்று லூப்பர். பாஸ் ஆர்.சி-20 2001-ல் வந்தபின், ஆண்ட்ரூ பேர்ட், ஓவன் பாலட் போன்ற கலைஞர்கள் ஒற்றை வயலினை அடுக்கடுக்காகப் பதிந்து, தனி ஆளாக ஒரு குழுவையே மேடையில் கட்டினார்கள். விரலால் மீட்டிய தாளம் அடியில் சுழல, வில்லால் இழுத்த ஆதாரச் சுரம் அதன்மேல் படர, பாட்டு மேலே எழும். இரண்டாவது, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். நல்ல மர வயலினின் பிரிட்ஜைச் சிறு சுத்தியலால் தட்டி, கூடு தரும் பதிலைப் பதிந்து, அந்தப் பதிவை மின்வயலினின் ஒலியோடு கணித முறையில் பிணைப்பது. மேத்யூஸ் சுற்றுகளால் ஒவ்வொன்றாகக் கட்டிய சிகரங்கள் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடுகின்றன. 2015-ல் வந்த லைன் 6 ஹெலிக்ஸ் போன்ற பெட்டிகளில் ஆம்ப் ஸ்பீக்கருக்கென்று ஒதுக்கிய இடத்தில் இந்தக் கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். உள்ளீட்டு மின்மறுப்பையும் அதில் மாற்றியமைக்கலாம். ஆனால் அதிகபட்சம் 1 மெகாஓம்தான். மின்தேக்குத்திறன் குறைந்த பீசோக்களுக்கு அது போதாது என்பதால், வயலினுக்கும் பெட்டிக்கும் நடுவே அந்தச் சிறிய ப்ரீஆம்ப் இன்னும் தேவைப்படுகிறது.